காற்றில் ஓட்டிப் பார்ப்பது

"...பத்தரைக்கு ராகு காலம் வந்துரும் தம்பி. அதுக்குள்ள உங்க மிஷின் என் பலகைல ஒரு கீறலாச்சும் போட்டுறணும். பெறகு நீங்க சாயங்காலம் வரைக்கும் ஓட்டுங்க, நான் கேக்கவே மாட்டேன்" என்றார் ஆச்சி, கைபேசியில் நாள்காட்டியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டியபடி.

கோவிலூர் சாலையில் எங்கள் கொட்டகை. மரத்தைச் செதுக்கும் மிஷின் மச்சானுடையது. கம்ப்யூட்டரில் வரைந்த உருவத்தை, எந்த உளி எந்த வழியில் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று மிஷினுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது என் வேலை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றேன். "கோவக்கார மாமியாக்கிட்ட பேசுற மாதிரி பேசணும் மாப்ள, ஒரு வார்த்தை விட்டாலும் போச்சு" என்பார் மச்சான். இந்த மாதிரிப் பேச்சுக்காகவே அவரோடு காலம் தள்ளலாம்.

ஆச்சி வீட்டுத் தலைவாசலுக்கு மேலிருந்த தாமரைப் பலகையைக் கரையான் அரித்துவிட்டது. மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் அந்த வாசல் வழியாகத்தான் வருவார்கள். வீடோ பங்காளிகள் எல்லாருக்கும் பொது. அவர்கள் கூடிப் பேசி, பின்கட்டில் கழற்றிப் போட்டிருந்த பழைய பர்மா தேக்கு உத்திரத்திலிருந்து ஒரு பலகை அறுக்கச் சம்மதித்தார்கள். ஒன்றே ஒன்று. இன்னொன்று கேட்டால் கல்யாணப் பேச்சோடு பாகப் பேச்சும் கிளம்பிவிடும் என்று ஆச்சியே சொல்லியிருந்தார்.

ஆச்சி போனில் சொன்ன அளவை வைத்துத்தான் நான் கட்டளைகளைத் தயாரித்திருந்தேன். பலகை நேரில் வந்தது அன்று காலை. மேசையில் பூட்டியதும் கையால் தடவினேன். நடுவில் லேசாக முதுகு தூக்கியிருப்பது போல் பட்டது. என் கம்ப்யூட்டரில் அது தண்ணீர் ஊற்றினாலும் ஓடாத சமதளம்.

"ஆச்சி, முதல்ல உளியை மேல தூக்கி, மரத்தைத் தொடாமக் காத்துல ஒரு தடவை ஓட்டிப் பாத்துருவோம். எங்கயாவது இடிக்கிற மாதிரி வந்தா தெரிஞ்சுரும்."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"முக்கால் மணி நேரம்."

"ஐயோ, ராகு காலத்துல போயி விழுமே! நல்ல நேரத்துல காத்தையா செதுக்குவீக?"

மச்சான் சிரித்துவிட்டார். "ஆச்சி சொல்றதும் ஞாயந்தானே மாப்ள" என்று பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

முதல் மூலையில் உளி இறங்கியது. பொடி பறந்தது, தேக்கு மணத்தது. ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு இதழ் முடிந்து அடுத்ததற்குப் போகும்போது உளி கொஞ்சம் மேலே எழும்பி, வேகமாகத் தாண்டும். அப்படித் தாண்டியபோதுதான் நடு முதுகு குறுக்கே வந்தது. கிரீச்சென்று ஒரு சத்தம். நான் சிவப்புப் பொத்தானில் குத்துவதற்குள், பூவின் நடுவில் விரல் நுழையும்படி ஒரு பள்ளம்.

மிஷின் நின்றது.

ஆச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பள்ளத்தில் விரலை வைத்து, "இதை நான் பங்காளிகள்ட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்றார், யாரையும் பார்க்காமல்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். முதுகை அளந்து, தாண்டும் உயரத்தைக் கூட்டினேன். முழுத் தாமரையையும் பள்ளத்தின் ஆழத்துக்கும் கீழே செதுக்கும்படி இறக்கினேன். பூ தப்பிக்கும். ஆனால் பலகையின் நடு மிகவும் மெலிந்துவிடும்.

"அப்பளமாப் போயிரும் மாப்ள. வெடிச்சா?" என்றார் மச்சான். அவர் சிரிக்கவில்லை.

"வெடிக்காதுன்னு சொல்ல முடியாது ஆச்சி. வேற வழியும் தெரியல" என்றேன்.

உளியை உயர்த்தி, காற்றில் ஓட்டினோம். அது வெறும் வெளியில் இதழ் இதழாக வரைந்து முடித்தது. எங்கும் இடிக்கவில்லை. மச்சான் உளியை இறக்கி வைத்துவிட்டு, பச்சைப் பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"இருங்க" என்றார் ஆச்சி. கைபேசியைப் பார்க்காமலே பைக்குள் போட்டார். "இன்னொரு தடவை காத்துலயே ஓட்டுங்க." நாற்காலியை மிஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, உளியின் நுனிக்கு நேராகக் கண்ணை வைத்து உட்கார்ந்துகொண்டார்.