டோரத்தியம்மாவின் நாற்காலிச் சண்டை

ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைபேசி மணி அடித்ததும், ஹலோகூடச் சொல்லாமல் ரிசீவரைக் கூடத்துப் பக்கம் நீட்டினேன். அங்கே எங்கள் இல்லத்துப் பாட்டிகள் இருவருக்கும் பிரம்பு நாற்காலிக்காகச் சண்டை. "எந்திரிடி, நேத்தெல்லாம் நீதானே ஒக்காந்தே!" என்று காளியம்மா தமிழில் கத்த, டோ தின் உட்கார்ந்தபடியே பர்மியத்தில் திருப்பிக் கொடுத்தார். டோரத்தியம்மா ஆசை தீரக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டு, "கேட்டுச்சாம்மா?" என்றேன். பேசியது அவர் இல்லை, அவர் மகள் ரூத். அம்மா இரவு தூக்கத்திலேயே போய்விட்டதாக ஆங்கிலத்தில் சொன்னார்.

டோரத்தியம்மா இங்கிலாந்துக்காரர். கணவர் காலமானபின் சொந்த வீட்டை விற்றுவிட்டு பர்மாவில் யாங்கோன் நகருக்கு வந்து, தின்கன்ஜூன் பகுதியில் இந்த மரவீட்டை வாடகைக்கு எடுத்து, ஆதரவற்ற வயதான பெண்களை வைத்துக் காப்பாற்றினார். சமையலும் மேற்பார்வையும் என் பொறுப்பு. தமிழை அவர் காளியம்மாவிடம் கற்றுக்கொண்டதுதான் வினை. அரிசி மூட்டையோடு வந்த ஒரு பெரிய வீட்டு அம்மாளை, இரண்டு கைகளையும் பிடித்து, "வாடி, ஒக்காருடி" என்று வாயார வரவேற்றார். அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நல்லவேளை, அவர் அரிசி கொடுப்பதை நிறுத்தவில்லை.

ரூத் ஒரே ஒருமுறை இங்கே வந்தார். புறப்படும்போது என்னிடம், "என் அம்மாவை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்" என்றார். வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு ஒருமுறை விசாவுக்காக பாங்காக் போன டோரத்தியம்மாவுக்குத் திரும்பி வர அனுமதி கிடைக்கவில்லை. அப்படியே மகள் வீட்டுக்குப் போனார். விசா கிடைத்தபோது உடம்பு இடம் கொடுக்கவில்லை. "என் நாற்காலிய சும்மா போடாதே ஆயிஷா, யாராச்சும் ஒக்காரட்டும்" என்று தொலைபேசியில் சொன்னார். அன்று தொடங்கியது இந்தச் சண்டை. ஞாயிறுதோறும் கூப்பிட்டு, "நடக்குதா? கேக்கணும்" என்பார். கேட்டு முடித்ததும், "வந்துடுவேன்" என்பார். வருவார் என்றே நானும் நம்பினேன். அவர் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

"ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கேட்டது இதைத்தானா?" என்று இப்போது தொலைபேசியில் கேட்டார் ரூத். "இன்னொரு முறை கேட்கலாமா?"

கூடத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டு ரிசீவரை நீட்டினேன். டோ தின் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி காலியாகக் கிடந்தது. காளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த ரிசீவரைப் பார்த்தார். பிறகு வீடே அதிரக் கத்தினார்.

"ஏன்டி நிக்கிறே? ஒக்காரு தின்! நான் சொன்னாத்தான் நீ எந்திரிக்கணும்!"

டோ தின் அழுதுகொண்டே உட்கார்ந்து, பர்மியத்தில் திட்டத் தொடங்கினார். சண்டை ஓயும்வரை ரூத் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

எங்கள் ஏக்கம் தீரவில்லை டோரத்தியம்மா. போய் வாருங்கள். ஞாயிறு மதியம் மணி அடித்தால், ரிசீவரைக் கூடத்துப் பக்கம்தான் நீட்டுவேன்.