வராத வேனைப் பார்க்க ஈசூன் வரை

"கேம்பர் வேனுக்குப் பணம் கட்டி மாதக்கணக்காகிறது, இன்னும் கைக்கு வரவில்லை. கொரோனா நேரத்தில் உங்களுக்கும் இப்படித்தான் ஆனது என்று எழுதியிருந்தீர்கள். எப்படிப் பொறுத்துக்கொண்டீர்கள்?" என்று இந்த வலைப்பூவுக்கு இன்னமும் யாராவது எழுதிக் கேட்கிறார்கள். அப்போது நான் முழுக்கதையையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒருவருடைய வேலை போயிருக்கும். போன மாதம் அவரே தொலைபேசியில், "இப்ப எழுதுங்கக்கா, இனிமே என்னா" என்று சொல்லிவிட்டார். அதனால் இந்தக் கட்டுரை.

பயணம் என்று பார்த்தால் சின்னதுதான். சிங்கப்பூர் ஜாலான் புசாரில் எங்கள் வீட்டிலிருந்து ஈசூன் தொழிற்பேட்டை வரை. ரயிலில் முக்கால் மணி நேரம், ஆளுக்கு இரண்டு வெள்ளிக் கட்டணம். ஆனால் அப்படி ஒரு பயணத்தை அதற்கு முன்பும் போனதில்லை, பின்பும் போனதில்லை.

2020 ஜூன் கடைசி. ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் வேன் கைக்கு வந்து, தாய்லாந்து எல்லை வரை ஓட்டிப்போவதாகத் திட்டம். என் கணவர் ஃபைசல் வரைபடமெல்லாம் அச்செடுத்து வைத்திருந்தார். வெறும் வேனை வாங்கி, அதற்குள் கட்டில், அலமாரி, அடுப்பு எல்லாம் பொருத்தித் தரும் சிறிய பட்டறை ஒன்றில் கொடுத்திருந்தோம். அதன் முதலாளி ரேமண்ட், கூப்பிடும்போதெல்லாம் "பொருள் கப்பல்ல இருக்கு" என்பார். மலேசிய எல்லையே மூடியிருக்கும்போது வேன் வந்து என்ன செய்யப்போகிறோம் என்று நான் கேட்டால் ஃபைசலுக்குக் கோபம் வரும். கோபப்பட வேறு எதுவும் அப்போது அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

"நேர்ல போய்ப் படம் எடுத்துட்டு வந்துடலாம். அப்பதான் புகார் கொடுக்க முடியும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும், வேன் வெளியேதான் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

கிளம்பியது பகல் பதினொரு மணி இருக்கும். சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை நடந்தவர்களுக்குத் தெரியும், தோளில் தோள் இடிக்காமல் பத்தடி போக முடியாது. அன்று சாலையின் இந்த முனையிலிருந்து அந்த முனை தெரிந்தது. கட்டுமானத் தொழிலாளர்கள் எல்லாரும் விடுதிகளுக்குள் அடைபட்டிருந்தார்கள். கடைகள் சில திறந்திருந்தன, பாட்டுகூட ஓடியது. கேட்கத்தான் ஆள் இல்லை. சாலையைக் கடக்கும் விளக்கு பச்சையாகி, யாருக்காகவோ டிக் டிக்கென்று அடித்து, மறுபடி சிவப்பானது. நாங்கள் இருவரும் காரணமில்லாமல் குரலைத் தாழ்த்திப் பேசினோம்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி, டோபி காட் நிலையத்தில் மாறி, ஈசூனில் இறங்கினோம். எங்கள் பெட்டியில் எங்களைத் தவிர ஒருவர்தான் இருந்தார். அவரும் வழியிலேயே இறங்கிவிட்டார். நிலையத்திலிருந்து தொழிற்பேட்டை இரண்டு கிலோமீட்டருக்குள்தான். நடந்தோம். ஈசூன் குடியிருப்புகளில் ஒவ்வொரு சன்னலிலும் துணி காய்ந்தது, கீழே ஒரு ஆள் இல்லை. புல் வெட்டுகிறவர்களும் விடுதிக்குள் இருந்ததால், சாலையோரப் புல் இடுப்புயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. அதன்மேல் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாகப் பறந்தன. சிங்கப்பூரில் அப்படி ஒரு புல்லை நான் கண்டதே இல்லை. அழகாக இருந்தது, ஆனால் வேகமாகத்தான் நடந்தேன்.

பட்டறை மூன்றாவது மாடியில். வாகனங்களே மேலே ஏறிவரும் மாதிரியான கட்டடம். வரிசையாக இரும்புக் கதவுகள், எல்லாம் இறக்கியிருந்தன. நடைபாதையின் கடைசியில் எங்கள் வெள்ளை வேன் நின்றது.

ஃபைசல் கைப்பேசியைத் தூக்கி இரண்டு மூன்று படம் எடுத்தார். அப்போது சேவல் கூவியது.

மூன்றாவது மாடியில், சிமெண்டுக்கு நடுவில், சேவல். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு பாத்திரம் கழுவும் சத்தம். குழாயில் தண்ணீர் விழும் சத்தம். அதற்கு மேல் ஒரு பெண்ணின் குரல், தெளிவான தமிழில்: "சோறு ஆறுது பாரு, வந்து சாப்புடு."

எல்லாம் எங்கள் வேனுக்குள்ளிருந்து வந்தது. அந்த வேனில் தண்ணீர்க் குழாய் இன்னும் பொருத்தவே இல்லை.

"என்னங்க, போயிடலாம்" என்றேன். ஃபைசல் கேட்கவில்லை. போய்க் கதவைத் தட்டினார். உள்ளே எல்லாச் சத்தமும் சட்டென்று நின்றது. பிறகு கதவு ஒரு கை அகலம் திறந்தது.

முப்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், முகக்கவசத்தை அவசரமாக மாட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இறங்கி, கைகட்டி நின்றுவிட்டார். பெயர் சிவா. எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவில் ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயைச் சேர்ந்தவர். எங்கள் வேனுக்குத் தச்சுவேலை செய்பவரே அவர்தான். மார்ச்சில் எல்லை மூடியபோது இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். தங்கியிருந்த அறையில் ஒருவருக்குத் தொற்று வந்ததும் எல்லாரையும் தனிமைப்படுத்தினார்கள். முடிந்து திரும்பினால் வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டாராம்.

"அதான் இங்க படுத்துக்கிட்டேன் அண்ணே. பாஸ் ரேமண்டுக்குத் தெரியாது. தெரிஞ்சா வேலை போயிடும்லா."

"எங்க வேன்ல? எங்க கட்டில்ல?" ஃபைசலின் குரல் எகிறியது. இரண்டடி பின்வாங்கி நின்றார். தப்பாக நினைக்காதீர்கள், அன்றைக்கு எல்லாரும் எல்லாருக்கும் பயந்த நேரம். யார் மூச்சுக் காற்று எங்கே தங்கியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அப்போது மறுபடி அந்தக் குரல்: "ஏங்க, யாரு வந்துருக்கா?"

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். கதவில்லாத அலமாரித் தட்டில் ஒரு கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தார். திரையில் ஒரு சமையலறை. பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலி, சன்னல், அதற்கப்பால் வாழை மரம். ஆள் யாரும் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் இரண்டு பக்கமும் கைப்பேசியில் வீடியோ அழைப்பைப் போட்டு வைத்துவிடுவார்களாம். பேசுவதற்கென்று இல்லை. ஸ்கூடாய் வீடு அதுபாட்டுக்கு இந்த வேனுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஆளில்லாத அந்தச் சமையலறையை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரோ தெரியாதவர் வீட்டுக்குள் சுவரைத் தாண்டி நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு ஒரு பெண் திரைக்குள் வந்தாள். நிறைமாதம் போலத் தெரிந்தது, ஆனால் ஆறு மாதம்தானாம். அவர் மனைவி தேவி. பின்னால் நான்கு வயதுப் பெண் குழந்தை, யாழினி, கையில் சோற்றுத் தட்டோடு என்னையே பார்த்தது.

"அக்கா, அவர திட்டாதீங்க. கார் பார்க்ல படுத்திருந்தாரு. நான்தான் அந்த வேனுக்குள்ள போய்ப் படுங்கன்னு சொன்னேன்."

ஃபைசல் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்தபோது எடுத்த படங்களை அழித்துவிட்டிருந்தார். சிவாவிடம் ஒன்றுதான் கேட்டார்: "ராத்திரி புழுங்காதா உள்ள?"

மறுநாள் ஒரு மின்விசிறியும் மெத்தை விரிப்பும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஆகஸ்டில் ரேமண்டே கூப்பிட்டார். கப்பல் வந்துவிட்டது, பத்து நாளில் வேன் தயார் என்றார். நான் ஃபைசல் முகத்தைப் பார்த்தேன். வேன் எங்களிடம் வந்துவிட்டால் சிவாவுக்குக் கூரை இல்லை. வீட்டில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் ஏற்கெனவே சொல்லிப் பார்த்திருந்தோம். "வேணாம் அண்ணே, உங்க வீட்ல பெரியவங்க இருக்காங்க, தொத்திக்கிட்டா என்னா பண்றது" என்று மறுத்துவிட்டார்.

"அவசரமில்ல ரேமண்ட். அலமாரிக் கதவு நிறம் பிடிக்கல. மாத்தணும்" என்றார் ஃபைசல்.

"நீங்களா? அவசரமில்லைன்னு நீங்களா சொல்றீங்க?"

"ஆமா. கட்டிலையும் கொஞ்சம் உயர்த்தணும்."

இப்படியே செப்டம்பர் போனது. சிவா சிரிக்காமல் அளவெடுப்பாராம், பிரித்துப் பிரித்துப் பூட்டுவாராம். கடைசியில் ஊருக்குப் போக அனுமதி கிடைத்துக் கிளம்பினார். ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் தனிமைப்படுத்தி வைத்தார்கள். அந்த அறையில் இருக்கும்போதே, சில கிலோமீட்டர் தள்ளி, மருத்துவமனையில் அவருக்கு மகன் பிறந்தான். அதையும் கைப்பேசியில்தான் பார்த்தார். பிறகு அவர் சிங்கப்பூர் வேலைக்குத் திரும்பவில்லை. வேனை நாங்கள் ஆண்டு முடிவதற்குள் எடுத்துக்கொண்டோம்.

உங்கள் வேன் தாமதமானால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பட்டறைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்காமல் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். எந்தப் பொருள் வரவேண்டும் என்று பெயரோடு கேளுங்கள், அப்போதுதான் சாக்கா உண்மையா என்று தெரியும். உங்கள் வேனில் கைவைத்து வேலை செய்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். விடுமுறையை வேன் வரும் தேதியோடு முடிச்சுப் போடாதீர்கள். மலேசியா போவதானால் டாங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும், மறந்தால் எல்லையில் திருப்பி அனுப்புவார்கள். வார இறுதியில் ஜொகூர் போகும் பாலத்தில் ஏறவே ஏறாதீர்கள். செவ்வாய், புதன் நல்லது.

எல்லை முழுதாகத் திறந்த ஆண்டில் நாங்கள் முதலில் ஓட்டிப்போனது தாய்லாந்துக்கு அல்ல, ஸ்கூடாய்க்கு. பாலம் தாண்டிப் பதினைந்து கிலோமீட்டர். சிவா வாசலில் நின்று கையாட்டினார். தேவி கோழிக்கறி வைத்திருந்தாள். யாழினிக்கு ஆறு வயதாகியிருந்தது. எங்களிடம் பேசவில்லை. நேராக வேனைச் சுற்றிவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். பக்கக் கதவுக்கு ஒரு கொக்கி இருக்கிறது, தூக்கி இழுத்தால்தான் திறக்கும். புதிதாக வருகிற எல்லாரும் அதோடு மல்லுக்கட்டுவார்கள். அவள் கை தானாகத் தூக்கி இழுத்தது. அதுவரை அந்த வேனை அவள் கைப்பேசித் திரையில் மட்டும்தான் பார்த்திருந்தாள்.

தம்பியைக் கைபிடித்து ஏற்றி, கட்டிலில் உட்காரவைத்து, அவனுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டினாள்.

"நாம இங்கதான் இருந்தோம்" என்றாள். "நீ மட்டும் அப்ப வரல."