முப்பதாவது இடம்

எனக்குப் பக்தி கொஞ்சம், அவசரம் நிறைய. இரண்டும் சேர்ந்ததால் வந்த வினை இது.

அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவை ஒட்டியே ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. நல்ல பெயர் எடுத்த பள்ளி. ஒன்றாம் வகுப்பில் முப்பது இடம்தான். நாங்கள் நாற்பத்தாறு பேர் மனுக் கொடுத்திருந்தோம். இங்கே கிடைக்காவிட்டால் என் மகள் நெடுஞ்சாலையைத் தாண்டி அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டும். லாரிகள் பறக்கும் சாலை அது.

குலுக்கல்தான் என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியை. ஆளுக்கொரு மஞ்சள் தாளைக் கொடுத்து, "அவங்கவங்க புள்ள பேர அவங்கவங்களே எழுதி மடிச்சுப் போடுங்க. பின்னால பேச்சு வரக் கூடாது" என்றார். சத்துணவு அண்டாவைக் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்திருந்தார்கள். நான் முந்தின நாள்தான் தீர்த்தமலைக் கோயிலுக்குப் போய் வந்திருந்தேன். பையில் திருநீறு இருந்தது. யாருக்கும் தெரியாமல் அதைத் தாளுக்குள் கொட்டி மடித்து அண்டாவில் போட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் பார்த்துவிட்டார்.

"சாமியவே சிபாரிசுக்குக் கூட்டிட்டு வந்துட்டயா?" என்றார். முறைத்தேன்.

சீட்டு எடுக்க நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை நிறுத்தினார்கள். தலைமையாசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பி வரிசை எண் எழுதிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால், அந்தச் சிறுமி நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, மேசையிலிருந்த சரஸ்வதி படத்தின் அடியில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். "பரவால்ல, நல்ல புள்ள" என்றார்கள். நானும் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என் புத்தி அன்று எந்த மேய்ச்சலுக்குப் போயிருந்ததோ!

பெயர்கள் வந்தன. பத்து, இருபது, இருபத்தைந்து. என் மகள் பெயர் மட்டும் வரவில்லை. இருபத்தொன்பது முடிந்து, கடைசி இடத்துக்காக அந்தச் சிறுமி அண்டாவுக்குள் கையை விட்டபோதுதான் படத்தடியில் இருந்த பொட்டலத்தின் மஞ்சள் நிறம் என் கண்ணில் பட்டது.

"டீச்சர், நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

தலைமையாசிரியை பொட்டலத்தைக் கையில் எடுத்தார். "இது ஏது கண்ணு?"

"அண்டாவுலதான் டீச்சர். மொதல்ல இதான் கைக்கு வந்துச்சு. உள்ள திருநூறு இருந்துச்சு. சாமிதுன்னு எடுத்து வெச்சிட்டேன்."

பிரித்தால் என் கையெழுத்து, என் மகள் பெயர். கூடத்தில் ஒரே கூச்சல். மறுபடி அண்டாவில் போடு என்றார் ஒருவர். பொட்டலம் எப்படிச் சீட்டாகும் என்றார் இன்னொருவர். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அப்போது பஞ்சர் கடைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"என் பொண்ணு பேரும் இன்னும் வர்லீங்க. அதனால நாந்தான் சொல்லணும். மொதல்ல கைக்கு வந்தது அது. அத ஏத்துக்கறதுதானுங்க நாயம்."

கூச்சல் அடங்கியது. முப்பதாவது இடத்தில் என் மகள் பெயர் ஏறியது. என் வீட்டுக்காரர் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்; நான் அழுதுகொண்டே சிரித்தேன். மிச்சச் சீட்டுகளைக் காத்திருப்போர் பட்டியலுக்காக எடுத்தபோது, முதலில் வந்தது அந்தப் பஞ்சர் கடைக்காரர் மகளின் பெயர். அதன் பிறகு அவர் பக்கம் திரும்ப எனக்குத் தெம்பில்லை.

பள்ளி திறந்த வாரமே, இடம் கிடைத்திருந்த ஒரு குடும்பம் ஓசூருக்கு வீடு மாறிப் போனது. மறுநாள் காலை, புதுச் சீருடை போட்ட மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஞ்சர் கடைக்காரர் பள்ளி வாசலுக்கு வந்தார். என் மகளுக்கு இடம் கிடைத்த அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. நேரே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அந்தத் திருநூற நான் வேணும்னேதாங்க வெச்சேன். எம்மேல தப்பு."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானும் எங்க மாரியம்மன் குங்குமத்தத் தடவித்தானுங்க சீட்டப் போட்டேன். அப்புறம் உங்கள எப்புடிங்க கொற சொல்றது?"