வெந்நீர் அடுப்பில் வெடித்த சுரை விதைகள்

எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஒரு சுரைப்பந்தலே ஒட்டிக்கொண்டிருந்தது என்று சொன்னால், நகரத்தில் பிறந்த என் கணவர் இன்றைக்கும் சிரிப்பார். நான் உண்மையைத்தான் சொல்கிறேன். முற்றிக் காய்ந்த சுரைக்காயை உடைத்து, விதைகளை ஈரச் சாணியில் பதித்து, வறட்டியாகத் தட்டிச் சுவரில் அப்பி வைப்பது அம்மாவின் வழக்கம். சாணி காய்ந்து இறுகிவிட்டால் பூச்சி அண்டாது, எலியும் தொடாது. வெள்ளாடு எட்டாத உயரத்தில் அந்த வறட்டிகள் மாசி மாதம் வரைக்கும் பேசாமல் இருக்கும். மாசியில் அவற்றை உடைத்து விதையை எடுத்து நடுவோம். உள்ளங்கை அகலத்தில் இரண்டே இரண்டு வறட்டி, அதற்குள் ஒரு பந்தல், பந்தல் நிறையக் காய்! ஒன்பது வயதில் எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் எதுவும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புறக்கடைக்கு ஓடிப்போய் அவற்றை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பையையே இறக்கி வைப்பேன்.

அந்த இரண்டையும் நான்தான் எரித்தேன்.

மொரப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு மரவள்ளிக் காடுதான் விவசாயம். புறக்கடையில் நடப்பதெல்லாம் அவர் கணக்கில் விளையாட்டு. ஆனால் பொங்கல் முடிந்த மறுவாரமே அம்மா அந்த விளையாட்டில் இறங்கிவிடுவாள். வேலிக்கு முள் வெட்டிப் போடுவாள். சரளைக்கல் நிறைந்த செம்மண்ணில் கடப்பாரையால் குழி எடுப்பாள். முழங்கை ஆழக் குழிக்குள் காய்ந்த சருகைக் கொட்டிக் கொளுத்துவாள். பத்து நாள் வெயிலில் காயவிட்டு, மக்கிய எருவும் ஏரி வண்டலும் கலந்து நிரப்புவாள். குளிக்கிற தண்ணீர் நேராக அங்கே போய்ச் சேர வாய்க்கால் இழுத்துவிடுவாள். கடைசியில் ஒவ்வொரு குழியிலும் கையை மணிக்கட்டு வரை நுழைத்து, ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். அந்த மண் அவளிடம் என்ன சொன்னதோ, "இன்னும் ஒரு கூடை எரு வேணும்" என்பாள். நானும் முகர்ந்து பார்ப்பேன். எனக்கு அது ஒன்றும் சொல்லாது. அம்மாவுக்கு மண்ணோடு பேசத் தெரியும் என்றுதான் அப்போது நம்பியிருந்தேன்.

அந்த வருஷம் அம்மாவின் முகம் சரியில்லை. காரணம் எனக்கும் தெரியும். மாரண்டஹள்ளியைத் தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கும் அவளுடைய அண்ணன், என் மாமா, இரண்டு வருஷமாக எங்களோடு பேசவில்லை. தாத்தாவும் பாட்டியும் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். பிறந்த வீடு என்று அம்மாவுக்கு மிச்சமிருந்தது அந்த ஓர் அண்ணன்தான். மாமா தன் மகளின் காதுகுத்துப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல், பஸ்ஸில் வந்த ஓர் ஆளிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். அப்பா போகவில்லை, அம்மாவையும் விடவில்லை. மாமா போனில் ஏதோ சொல்ல, அம்மா பதிலுக்கு, "இனிமே உன் வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கும் தெரியவில்லை, இறங்கி வர அவருக்கும் தெரியவில்லை. பொங்கலுக்கு அண்ணன் வீட்டுச் சீர் இரண்டாவது வருஷமும் வரவில்லை. அன்றைக்கு அம்மா வாசலை மூன்று தடவை கூட்டினாள், ஒவ்வொரு தடவையும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

மாசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. அம்மா குழிக்குள் இறங்கி நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"பாப்பா, தண்ணி இன்னும் காயல பாரு. அங்க கெடக்கற ரெண்டு வறட்டிய எடுத்து உள்ள தள்ளு."

அடுப்போரமாக மரவள்ளிக் குச்சிக் கட்டின் மேல் இரண்டு வறட்டி கிடந்தது. எடுத்துத் தள்ளினேன். கொஞ்ச நேரம் புகைந்தது. பிறகு 'பட்' என்று ஒரு சத்தம். அப்புறம் படபடவென்று பொரி பொரிகிற மாதிரி. வறுத்த விதையின் வாசம் மூக்கில் ஏறியது. வாசம் நன்றாகத்தான் இருந்தது, அது என்ன என்று புரிகிற வரைக்கும். திரும்பிச் சுவரைப் பார்த்தேன். வறட்டி இருந்த இடத்தில் வட்டமாக இரண்டு தடம் மட்டும் இருந்தது.

ஒரு டம்ளர் தொலைந்தாலே புளியம் விளாரைத் தேடுகிறவள் என் அம்மா. அவள் குழியிலிருந்து ஏறி வந்து, அடுப்புக்குள் குனிந்து பார்த்தாள். கடைசி விதை ஒன்று வெடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"போச்சா?" என்றாள். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "செரி, போயி குளி."

அவ்வளவுதான். ஒரு அடி இல்லை, ஒரு திட்டு இல்லை. அடி வாங்கியிருந்தால் மத்தியானத்துக்குள் மறந்திருப்பேன். அந்த மன்னிப்பைத் தாங்க முடியவில்லை. என் அம்மா சாதாரண மனுஷி இல்லை என்று, சூடான தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே அன்றைக்கு முடிவு கட்டினேன்.

அப்பா காட்டிலிருந்து வந்ததும் விசாரணை நடந்தது.

"கொழந்த தெரியாம போட்டுட்டா. அவள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் அம்மா.

அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. பாலக்கோட்டில் விதை பாக்கெட் கிடைக்கும், வாங்கிக்கொள்ளலாம் என்றார். அம்மா குரலை உயர்த்தாமல் பதில் சொன்னாள்.

"பாக்கெட்டு வெத ஒரு தரம் காய்க்கும். அதுல எடுத்து வெச்சா அடுத்த வருசம் அதே காய் வராது. உங்களுக்குப் புடிச்ச அந்தக் குண்டுச் சொரை எங்கண்ணன் வூட்டுல மட்டுந்தான் இருக்குது."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்தச் சுரைக்காயில் பாசிப்பருப்புப் போட்டுச் செய்கிற கூட்டுக்கு அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவார். மானம் ஒரு பக்கம், கூட்டு ஒரு பக்கம். கடைசியில், "போயிட்டு வா. நான் சொல்லி வந்ததா மட்டும் இருக்கக் கூடாது" என்றார்.

மறுநாளே புறப்பட்டோம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது பற்றிக்கூட எனக்குச் சந்தோஷம் இல்லை; முகமே சரியாக நினைவில்லாத மாமாவிடம் குற்றவாளியாகக் கொண்டுபோகப்படுகிறேன் என்றுதான் நினைத்தேன். தர்மபுரியில் ஒரு பஸ், பாலக்கோட்டில் ஒரு பஸ். ஊருக்குள் நுழைந்ததும் ஒரு கிழவி கன்னடத்தில் அம்மாவை நிறுத்தி, எப்போது வந்தாய் என்று கேட்டாள். அம்மாவும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். அம்மாவுக்கு இன்னொரு பாஷை தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வாயைப் பிளந்துகொண்டு பின்னால் நடந்தேன்.

மாமா வீட்டு வாசலில் அம்மா நிற்கவில்லை. வாசலைத் தாண்டி, சந்துக்குள் புகுந்து, சாணிக்குழியைச் சுற்றிக்கொண்டு நேராகப் புறக்கடைக்குப் போய் நின்றாள். அங்கே நான் கண்ட காட்சியை எப்படிச் சொல்வது! ஒரு சுவர் முழுக்க வறட்டி. சுரை, பீர்க்கு, பூசணி, புடலை என்று ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பால் ஓர் அடையாளம். எங்கள் சுவரில் ஒரு பந்தல் ஒட்டியிருந்தது என்றால், இங்கே ஒரு காடே ஒட்டியிருந்தது. அதன் கீழே, இடுப்பளவு குழிக்குள், நான் அதுவரை பார்த்ததிலேயே பெரிய மனிதர் ஒருவர் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

"அண்ணா, சொர வெத வேணும்" என்றாள் அம்மா. இரண்டு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

மாமா நிமிரவில்லை. "உங்கூட்டு வெத என்னாச்சு?"

"எரிஞ்சி போச்சி. பாப்பா தெரியாம அடுப்புல போட்டுட்டா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மாமா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். விதை கேட்டு வந்தவர்களை இல்லை என்று அனுப்புவது அந்த ஊரில் கிடையாது. பகையாளி கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். மாமா மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குழியிலிருந்து ஏறினார். சுவரிலிருந்து நான்கு வறட்டியைப் பெயர்த்துத் தன் துண்டில் வைத்துக் கட்டினார். கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அவர் கட்டிக்கொண்டே இருந்தார்.

"வாசல் வழியா வந்தா ஆவாதா?"

"வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டனே."

"சோறு?"

"சோத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலயே" என்றாள் அம்மா.

அத்தை களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் புறக்கடைக்கே கொண்டு வந்தாள். குழி ஓரத்தில் உட்கார்ந்து நாங்கள் நான்கு பேரும் சாப்பிட்டோம். பத்திரிகையைப் பற்றியோ சீரைப் பற்றியோ யாரும் வாய் திறக்கவில்லை. மாமா கேட்டதெல்லாம் மண்ணைப் பற்றித்தான். முழங்கை ஆழம் எடுத்திருக்கிறேன் என்று அம்மா சொன்னதும், "பத்தாது. நானே வந்து பாக்கறேன்" என்றார்.

வந்தார். புதன்கிழமை காலை பஸ்ஸில், அத்தையோடு, கையில் மண்வெட்டியோடு, எங்கள் வாசல் வழியாக. அப்பா எழுந்து நின்று, "வாங்க மச்சான்" என்றார். இருவரும் குழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சரளை மண்ணைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். அவ்வளவு நேரம் பேச அந்தக் குழியில் என்ன இருந்தது என்று எனக்கு ஆச்சரியம். பிறகு இருவரும் மாறி மாறி வெட்டி, குழியை இன்னும் ஒரு சாண் இறக்கினார்கள்.

மாமா வறட்டியை உடைத்தார். கறுத்த சாணிக்குள்ளிருந்து விதைகள் நேற்றுத்தான் வைத்த மாதிரி வெளுப்பாக வந்தன. "எரிச்சவளே நடட்டும்" என்று என் கையில் கொடுத்தார். எட்டாம் நாள் காலையில் மண்ணில் விரிசல் விட்டிருந்தது. விதைத்தோலைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு முளை வெளியே வந்திருந்தது. நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்து பார்த்தேன். நான் எரித்த பந்தல் திரும்பி வந்துவிட்டது என்று அதைப் பார்த்ததும்தான் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. ஆனால் முழுவதும் இறங்கவில்லை. அந்த வெடிச்சத்தம் பல வருஷம் என் காதில் இருந்தது.

இந்த மாசியில் மகளோடு ஊருக்குப் போயிருந்தேன். அவளுக்கும் ஒன்பது வயதுதான், அந்த வயதில் நான் இருந்ததைவிட உயரம். மாமாவும் வந்திருந்தார். இப்போது அவரால் குனிய முடியாது. இருந்தாலும் வருஷா வருஷம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆழம் பத்தாது என்று சொல்லாமல் போகமாட்டார். அம்மா குழிக்குள் நின்றுகொண்டு, சுவரில் இருக்கிற வறட்டியை எடுத்து வரச்சொல்லி என் மகளை அனுப்பினாள்.

அவள் கையை நீட்டிப் பார்த்தாள், குதித்துப் பார்த்தாள். "எனக்கு எட்டலம்மா" என்றாள்.

நான் எழுந்து போய்க் கையை உயர்த்தினேன். நுனிக்காலில் நின்றுதான் எனக்கே எட்டியது. அதே சுவர். அம்மா வறட்டி தட்டுகிற அதே உயரம். கை சுவரில் இருக்க, நான் அப்படியே நின்றுவிட்டேன். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன் எருவில் ஏதோ குறை கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தண்ணி காஞ்சிருக்கும். போயி குளி" என்றாள் அம்மா.

சுவரில் அத்தனை உயரத்தில் இருந்த வறட்டி தானாக இறங்கி வந்து அடுப்போரம் படுத்துக்கொள்ளாது என்று, ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.