இரண்டு பைசா, ஒரு கிராம்

போளூர் இரும்புக் கடையில் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்தேன். விலையைக் கேட்டதும் இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டேன். எழுபதுகளின் கடைசி. ஜவ்வாது மலைமேல் ஆரம்பப் பள்ளி வாத்தியார் வேலை, முதல் வருஷம். எனக்குப் பேச்சுத்துணை என்று ஒருவர்தான் இருந்தார், அவரும் மலையில் இல்லை. வேலூரில் பேங்க் குமாஸ்தா, என் வயசுதான் இருக்கும். பத்திரிகையில் பேனா நண்பர் பகுதியில் பிடித்த ஆள். என்னைப் போலவே பழைய நாணயம் சேர்ப்பவர். நேரில் பார்த்ததில்லை.

கோடை மழை பெய்ததும் கொல்லையை உழுத அடுத்த வீட்டுக்காரர், கொழுவில் தட்டிய ஒரு செப்புக்காசைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பச்சைக் களிம்பும் மண்ணும் அப்பிக் கிடந்தது. உற்றுப் பார்த்தால் ஒரு பக்கம் மாடு மாதிரி ஏதோ நின்றது. நண்பருக்கு எழுதினேன். எடை எவ்வளவு, குறுக்களவு எவ்வளவு என்று கேட்டு உடனே பதில் வந்தது. மூன்றரை கிராம் பக்கம் இருந்தால் நானே மலை ஏறி வருகிறேன் என்றும் எழுதியிருந்தார்.

நானே வருகிறேன். அந்த வரியை எத்தனை தடவை படித்தேனோ. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்விட்டால், மறுநாள் காலைவரை நான் வாயைத் திறக்க அவசியமே இருக்காது. அதற்காகத்தான் போளூருக்கு ஓடியது.

காலிப்பர் இல்லையென்றானதும் வேறு வழி யோசித்தேன். ஜியாமெட்ரி பாக்ஸில் இரண்டு மூலைமட்டம் இருக்கிறதே! ஸ்கேல் ஓரமாக இரண்டையும் நிறுத்தி, நடுவில் காசை வைத்து நெருக்கினால் குறுக்களவு கிடைத்துவிடும். அதனால் ஸ்டீல் ஸ்கேல் மட்டும் வாங்கினேன். பிளாஸ்டிக் ஸ்கேலின் ஓரத்தை நம்ப முடியாது. நகைப் பட்டறை ஒன்றில் பழைய சின்னத் தராசு மலிவாகக் கிடைத்தது. எடைக்கற்களுக்குத் தனி விலை சொன்னார்கள், விட்டுவிட்டேன். அலுமினிய இரண்டு பைசா சரியாக ஒரு கிராம், ஐந்து பைசா ஒன்றரை, ஒரு பைசா முக்கால் என்று எங்கோ படித்திருந்தேன். தேயாத புதுக் காசாகப் பொறுக்கிச் சேர்த்தேன். இந்தத் தட்டிலும் அந்தத் தட்டிலும் மாற்றி வைத்தால் கால் கிராம் வரை பிடிக்கலாம்.

வாசலில் உட்கார்ந்து நிறுத்தபோது, புளி உடைத்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னா சாரு, காசை வச்சே காசை நிறுக்கறீங்க? நிறுத்தா அதிகமா ஆவுதா?"

நாலு கிராம் வந்தது. குறுக்களவு, காசைத் திருப்பி வைக்கிற பக்கமெல்லாம் ஒவ்வொரு விதமாக இருந்தது. மண்ணும் சேர்த்துத்தான் என்று குறிப்பிட்டு எழுதி, காலை பஸ்ஸில் தபாலுக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஆறு நாள் பொறுத்தேன். அந்த நாலு கிராம் உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு அலைந்து கருவி சேர்த்துவிட்டு மண்ணையா நிறுப்பது? அக்கா வெள்ளிக்கிழமைதோறும் செம்புக் குடத்தைத் துலக்குவதைப் பார்த்திருந்தேன். ஒரு பிடி புளி கேட்டேன். சாம்பலும் தொட்டுக்கொண்டால் பளிச்சென்று வரும் என்றார்.

பளிச்சென்றுதான் வந்தது. எடை மூன்றேகால். குறுக்களவு எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றே. என் கருவிகள் பொய் சொல்லவில்லை என்ற சந்தோஷத்தில், புளி போட்டுத் துலக்கியதையும் பெருமையாக எழுதி, மத்தியான பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டேன். சாயங்கால வெயிலில் காசைச் சாய்த்துப் பார்த்தபோதுதான் மாட்டைத் தேடினேன். கொம்பும் திமிலும் களிம்பில்தான் இருந்திருக்கின்றன. களிம்போடு போய்விட்டன. கையில் இருந்தது வழவழவென்று ஒரு செம்புத் துண்டு.

மறுநாள் அவர் கடிதம் வந்தது. மண்ணோடு நாலு என்றால் பொருந்துகிறது, வருகிற ஞாயிறு வருகிறேன், தயவுசெய்து கழுவிவிடாதீர்கள்.

துலக்கியதைச் சொன்ன என் கடிதம் வழியில் தொலைந்துபோக வேண்டும் என்று ஞாயிறுவரை ஆசைப்பட்டேன். அது தொலைந்தால் அவர் வருவார். வந்து திட்டட்டும், எதிரில் உட்கார்ந்து திட்டட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா, வருகிறவருக்கும் சேர்த்துச் சாமைச் சோறு ஆக்கியிருந்தார். பஸ்ஸிலிருந்து உப்பு மூட்டையும் ஊர்க்காரர்கள் நாலு பேரும் இறங்கினார்கள். பஸ் திரும்பிப் போகும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

"வரலியா சாரு உங்க ஆளு?"

"பஸ்ஸ வுட்டுட்டாரு போல."

"அதுக்கு மூஞ்சிய ஏன் அப்படி வச்சிக்கினு கீறீங்க? அவரு பங்கையும் நீங்களே துன்னுங்க."

புதன்கிழமை போஸ்ட் கார்டு வந்தது. எடை சரிதான், ஆனால் இனி நான் வந்து பார்க்க அதில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார். கோபம்கூட இல்லை அதில்.

அன்றைக்கே பதில் எழுதினேன். காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மழைக்கு மலை பச்சையாக இருக்கிறது, சும்மா ஒருமுறை வந்து போங்கள் என்று எழுதி, போளூரில் பஸ் புறப்படும் நேரத்துக்கு அடியில் கோடு போட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கப் போகிற மாதிரி, பஸ் நிற்கிற பக்கமாகப் போய்வந்தேன்.