டிரைவிங் மாஸ்டரின் வயிற்றெரிச்சல்

டிரைவிங் மாஸ்டருக்கு வயிறு எரிந்தால், பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்குத் திட்டு நிச்சயம். "கிளட்சை இப்படி விட்டா எனக்கு வயிறு எரியாம என்ன செய்யும்?" என்பார். கார் பழக வந்தவர்களும், மனிதரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டோமே என்று குறுகிப்போவார்கள்.

புதிதாகச் சேர்ந்த டாக்டரம்மா குறுகவில்லை. ரவுண்டானாவில் வண்டி நின்றுபோனதும் மாஸ்டர் மாத்திரை விழுங்குவதை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"எத்தனை வருஷமா எரியுது?"

"அது ஆச்சு ஏழெட்டு வருஷம்."

"நான் போன வாரம்தானே வந்தேன்? வயித்துல கிருமி இருக்கலாம் மாஸ்டர். மூச்சை ஊதிப் பாத்தா தெரிஞ்சிடும். ஆனா டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு வாரம், அமிலத்தைக் குறைக்கற இந்த மாத்திரையைத் தொடக்கூடாது. தொட்டா கிருமி இருந்தும் இல்லைன்னு காட்டும்."

மாஸ்டர் பெரிதாகத் தலையாட்டினார். இரண்டு வாரம் கழித்து மனைவியோடு டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பையில் ஊதினார். கொடுத்த திரவத்தைக் குடித்து, அரைமணி கழித்து இன்னொரு பையில் ஊதினார். கிருமி இல்லை என்று வந்தது.

"பாத்தீங்களா? எல்லாம் நீங்க ஓட்டுற அழகுதான்," என்றார் மிதப்பாக.

மனைவி நிதானமாக வாயைத் திறந்தார். "நேத்துகூட மாத்திரை போட்டாரே டாக்டர். பாத்ரூமுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு."



அடுத்த தடவை மாத்திரை அட்டை மனைவியின் பீரோவுக்குள் போய்விட்டது. மாஸ்டருக்கு இருந்த எரிச்சலில் அந்த இரண்டு வாரமும் அவர் கண்ணுக்கு ஊரில் ஒருவருக்கும் ரிவர்ஸ் எடுக்க வரவில்லை. மறுபடி ஊதியபோது கிருமி கையும் களவுமாகப் பிடிபட்டது.

இரண்டு வகை ஆன்டிபயாடிக்கும், கூடவே அதே அமில மாத்திரையும் எழுதினார் டாக்டர்.

"வேணாம்னீங்க, இப்ப வேணுமா?"

"இப்ப வேணும். எரிச்சல் குறைஞ்சிடுச்சுன்னு நடுவுல நிறுத்தினீங்க, கிருமி மருந்துக்குப் பழகிடும். அப்புறம் எனக்குத்தான் வயிறு எரியும்."

அந்த மருந்தில் மாஸ்டருக்கு இரும்பை நக்கியதுபோல வாயெல்லாம் கசந்தது. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டும்வரை மனைவி நகரவில்லை. மருந்து முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் விட்டு, அமில மாத்திரையையும் நிறுத்தி மீண்டும் ஊதினார். கிருமி ஓடிப்போயிருந்தது.

"வீட்டுல இருக்கறவங்களுக்கும் ஒட்டியிருக்கும்ல?" என்று ஆவலாகக் கேட்டார் மாஸ்டர். மனைவிக்கும் அவ்வப்போது வயிறு உப்புசம்தான். அவரும் ஊதினார். ஒன்றுமில்லை என்று வந்தபோது, மாஸ்டர் சந்தோஷப்பட்டார். அவரை வாயைத் திறந்து காட்டச் சொல்ல முடியாததில் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.