ஏழாவது ஆளும் மஞ்சள் பெட்டியும்

வரிசையைப் பற்றி எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு கொடுக்கிற வேலையில் ஒன்பது வருடம் இருந்தவள் நான். காலை ஏழரைக்கு மதிலில் எத்தனை சைக்கிள் சாத்திக் கிடக்கிறது என்று பார்த்தே, கடைசி ஆள் எத்தனை மணிக்கு மருந்துப் போத்தலோடு வெளியே போவார் என்று சொல்லிவிடுவேன். பத்து நிமிடம் முன்னே பின்னே இருக்கும். அதற்கு மேல் பிழைத்தது கிடையாது.

இந்தக் கெட்டித்தனத்தை எல்லாம் ஆஸ்பத்திரிக்கு மட்டும் செலவழித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கார்னிவல் என்றால் எனக்கு விசர். என் மச்சாளுக்கும் அதே விசர். அவள் என் கணவரின் தங்கச்சி, ஆனால் அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவள். எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கு எந்தக் கார்னிவல் வந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் போகாமல் விட்டதில்லை. பலகைக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவன் எத்தனை மணிக்குத் தேத்தண்ணி குடிப்பான், அவன் குடிக்கிற நேரத்தில் எந்தப் பக்கத்து வரிசை குறையும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். போய் வந்து இரண்டு கிழமைக்கு அதே கதைதான். எதற்கு எவ்வளவு நேரம் நின்றோம், எதை முதலில் பார்த்திருக்க வேண்டும், இரவு வெளிச்சம் போடும்போது எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று பேசிப் பேசியே சண்டையும் பிடிப்போம்.

சண்டைக்குக் காரணம் ஒன்றுதான். மச்சாளுக்கு எங்கே போனாலும் முதல் ஆளாய் நிற்க வேண்டும். வாசல் திறக்க முன்பே போய்க் காய்ந்துகொண்டு நிற்பாள். எனக்கு அது பிடிக்காது. கணக்குப் பார்த்து, சரியான நேரத்தில், சரியான இடத்தில் போய் நிற்பதுதான் என் வழி. "உன்ரை கணக்கு உன்னோடையே இருக்கட்டும், முன்னுக்கு நிக்கிறவளுக்குத்தான் முதல்ல கிடைக்கும்" என்பாள். ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பிறகு யுத்தம் முற்றிக் கார்னிவலும் போய், தொண்ணூறின் நடுவில் கரண்டும் போனது. அப்போது என் மகளுக்கு ஏழு மாதம். ஐந்து வயது வரைக்கும் அவள் கண்ட வெளிச்சம் ஜாம் போத்தல் விளக்குத்தான். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய், திரியில் ஒரு சின்னச் சுடர். அந்த விளக்குக்கு எங்கள் வீட்டில் அவள்தான் பொறுப்பு. இரவில் விமானம் இரைகிற சத்தம் கேட்டால் நாங்கள் ஓடிப்போய் முற்றத்துப் பங்கர்க் குழிக்குள் இறங்க முன்பு, விளக்கை ஊதி நூர்ப்பது அவள் வேலை. சத்தம் எங்களுக்குக் கேட்க முன்பே அவளுக்குக் கேட்டுவிடும். "நான் நூர்த்திட்டன்" என்று சொல்லிவிட்டுத்தான் பங்கருக்குள் இறங்குவாள். அதில் அவளுக்குப் பெரிய பெருமை.

ஒருநாள் சுவரில் இருந்த சுவிச்சைக் காட்டி, "அம்மா, இது ஏன் இஞ்சை கிடக்கு?" என்று கேட்டாள்.

"உதைத் தட்டினால் வீடு முழுக்க வெளிச்சம் வரும். நெருப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம்."

தட்டினாள். மேலே பார்த்தாள். திரும்பவும் தட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "பொய்" என்றாள்.

வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் இப்படிச் சுட்டதில்லை. அன்றைக்குப் பிறகு விளையாட்டாய்க்கூட அவள் அந்தச் சுவிச்சைத் தட்டியதில்லை. என் பிள்ளைக்கு ஒருநாள் கரண்ட் வெளிச்சத்தைக் காட்டியே தீருவது என்று அன்றே முடிவெடுத்தேன்.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் பேச்சுவார்த்தை என்று சொல்லிச் சண்டை நின்றது. வானம் அமைதியாய்க் கிடந்த அந்தச் சில வாரங்களில்தான், கொழும்புத்துறைப் பக்கத்து மைதானம் ஒன்றில் கார்னிவல் போடுகிறார்கள் என்று மச்சாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சொன்னாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "ராட்டினம் இருக்காம். ராத்திரி கலர் லைற் போடுறாங்களாம், ஜெனறேற்றர் வைச்சு!"

நான் உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள் இல்லை. முதலில் போய்ப் பார்த்துவர வேண்டும். அடுத்தநாள் வேலை முடிந்ததும் நானும் மச்சாளும் மானிப்பாயிலிருந்து சைக்கிளில் போனோம். கடலை இருந்தது, சர்பத் இருந்தது. சர்பத்துக்கு ஐஸ் மட்டும் இல்லை. மைதானத்தின் நடுவில் ராட்டினம். எட்டுப் பெட்டி, எட்டு நிறம். மெசின் ஒன்றும் இல்லை. குருநகர்ப் பெடியள் நாலு பேர், வலை இழுத்துப் பழகிய கைகள், மாறி மாறி இழுத்துச் சுற்றினார்கள். கிடைத்த மண்ணெண்ணெய் எல்லாம் வெளிச்சத்துக்கு என்று வைத்திருந்தார்கள். அதுவும் ஏழு மணிக்குத் தொடங்கி அரை மணித்தியாலம்தான்.

மச்சாள் கடலை தின்றாள். நான் ராட்டினத்தைப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் பார்த்தேன். பார்த்ததில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அதைத் திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு விளங்கப்படுத்தினேன்.

"இஞ்சை பார். பாரம் ஒரு பக்கம் சரியாமல் இருக்க, ஒரு பெட்டியில ஆளை ஏத்தினால் அரைச் சுத்துச் சுத்தி அதுக்கு எதிர்ப் பெட்டியில ஏத்துறாங்கள். விளங்குதே? ஏழு மணிச் சுத்துக்கு நீலப் பெட்டியைத்தான் கடைசியா ஏத்துறாங்கள். ஏன் சொல்லு? வயர் கொளுவிற இடம் அந்த நீலப் பெட்டிக்குப் பக்கத்தில. அது கீழை நிண்டாத்தான் வயர் எட்டும்."

"சரி, அதுக்கென்ன?"

"அதுக்கென்னவோ! நீலம் கீழை நிண்டால் அதுக்கு எதிர்ப்பெட்டி மஞ்சள் எங்கை நிக்கும்? உச்சியில! வயரைக் கொளுவி அஞ்சு நிமிஷம் அப்பிடியே நிப்பாட்டி வைச்சு லைற் போட்டுக் காட்டுறாங்கள். பேந்து கழட்டிப்போட்டுத்தான் சுத்துறது. அப்ப மஞ்சள் பெட்டிக்குள்ளை இருக்கிறவைக்கு முழு வெளிச்சமும் காலுக்குக் கீழை. கடைசிக்கு முதல் பெட்டி மஞ்சள். வரிசையில ஏழாவதா நிக்க வேணும்."

"உனக்குத் தலையில தட்டிப்போட்டுது" என்றாள் மச்சாள். "முதலாவதா நிக்கிறதை விட்டிட்டு ஏழாவதா நிக்கப்போறாளாம்!"

சனிக்கிழமை போனோம். என் கணவர் பிள்ளையைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு வந்தார். நான் மஞ்சள் நைலெக்ஸ் சீலை உடுத்தியிருந்தேன். இருந்த சீலைகளில் அதுதான் நல்லது. அவருக்கு உயரம் சரிவராது. ஏணியில் ஏறினாலே முகம் வெளுத்துவிடும். "இஞ்சருங்கோ, நீங்கள் சைக்கிளுகளைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ" என்றேன். அதைவிட நல்ல செய்தி அவர் அன்று கேட்டிருக்க மாட்டார்.

ஆறரைக்கே ஏழு மணிச் சுற்றுக்கு வரிசை தொடங்கிவிட்டது. முன்னுக்கு யார்? மச்சாள்தான், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. நான் பிள்ளையோடு போய் நின்றபோது எங்களுக்கு முன்னால் நாலு கூட்டம். அப்படியே விட்டால் ஐந்தாவது ஆகிவிடுவோம். பின்னால் வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து, "நீங்கள் முன்னுக்குப் போங்கோ, பிள்ளையள் நிக்கினம்" என்றேன். அவர்கள் நன்றி சொல்லிப் போனார்கள். அடுத்து ஒரு புருசனும் பெண்சாதியும். "நீங்களும் போங்கோ." அந்த மனிசி திரும்பிப் பார்த்து, "இந்தக் காலத்தில இப்பிடியும் ஆக்கள் இருக்கினம்" என்று அவரிடம் சொல்வது காதில் விழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்றாவதாய் ஒருவர் தானாகவே முந்தப் பார்த்தார். "ஐயா, வரிசை பின்னுக்கு!" என்று ஆஸ்பத்திரிக் குரலில் ஒரு சத்தம் போட்டேன். அப்படியே பின்னுக்குப் போய்விட்டார்.

ஏழாவது. மஞ்சள் பெட்டி என் முன்னால் வந்து நின்றது. எனக்குள் அப்படி ஒரு புளுகம், சந்தோசம். பிள்ளையைத் தூக்கி இருத்தி, நானும் ஏறிக் குறுக்குக் கம்பியைப் போட்டேன். பெட்டியின் ஓரத்தில், அவள் முகத்துக்குச் சரியாய் ஒரு பல்பு. சிவப்பு மை பூசியிருந்தார்கள்.

"இதுதான் அம்மா கரண்டோ?"

"கொஞ்சம் பொறு. இப்ப பார்."

பெடியள் சத்தம் போட்டு இழுத்தார்கள். நாங்கள் மேலே போனோம். அரைச் சுற்று. கீழே நீலப் பெட்டியில் ஆட்கள் ஏறினார்கள். ராட்டினம் நின்றது. நாங்கள் உச்சியில். ஒரு சாண்கூடப் பிசகவில்லை. ஒரு பக்கம் கடலேரி கறுப்பாய்க் கிடந்தது. கீழே மைதானம் முழுவதும் இருட்டு. அங்கங்கே லாந்தர்கள் மட்டும். என் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பொய்யோ, மெய்யோ எண்டு இப்ப சொல்லு பாப்பம்" என்றேன்.

கீழே ஜெனறேற்றரை இழுத்தார்கள். அது முதலில் இருமியது. பிறகு ஒரே சீராய் இரையத் தொடங்கியது.

அவள் கை என் கையிலிருந்து கழன்றது. அவள் முகம் வானத்துக்குத் திரும்பியதைக் கண்டும் எனக்கு விளங்கவில்லை. அந்த இரைச்சலை இரண்டு நாளுக்கு முன் நான் அரை மணித்தியாலம் நின்று கேட்டவள். வயர் எட்டுமா என்று பார்த்தேன், எத்தனை நிமிடம் என்று பார்த்தேன். அது இரவில் மெதுவாக இரைந்துகொண்டு வந்து குண்டு போடுகிற விமானத்தின் சத்தத்தைப் போலவே இருக்கிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை. நாங்கள் அதற்குச் சகடை என்று பெயர் வைத்திருந்தோம்.

வெளிச்சம் வந்தது. எல்லா நிறமும் ஒரேயடியாய். மைதானமே ஓவென்று கத்தியது.

"நூருங்கோ! நூருங்கோ!" என் பிள்ளை கத்தினாள். "அம்மா, சகடை வருது, நூருங்கோ!"

நான் அவளை இழுத்து அணைக்கப் பார்த்தேன். அவள் திமிறிக்கொண்டு அந்தச் சிவப்புப் பல்புக்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோய், வாயைக் குவித்து ஊதினாள். ஊ... ஊ... என்று முழு மூச்சையும் விட்டு ஊதினாள். அது அசையாமல் எரிந்தது. திரும்பவும் ஊதினாள். "நூருதில்லை அம்மா, நூருதில்லை" என்று அழுதாள். அவள் வாழ்க்கையில் அவள் ஊதி நூராத முதல் விளக்கு அது.

ஐயோ, என் பிள்ளை!

பல்பைக் கழற்றலாம் என்று கையை வைத்தேன். கீழே நின்ற பெடியன் கண்டுவிட்டான். "அக்கா, தொடாதையுங்கோ! ஒண்டைக் கழட்டினால் முழுக்க நூரும்!" என்று கத்தினான். சீலைத் தலைப்பை எடுத்து நாலாய் மடித்து, பல்பின்மேல் போட்டுக் கையால் பொத்திப் பிடித்தேன். எங்கள் பெட்டி இருண்டது.

"பார், அம்மா நூர்த்திட்டன். இனி சகடைக்கு எங்களைத் தெரியாது."

அவள் என் மடிக்குள் ஒடுங்கினாள். கொஞ்சம் பொறுத்து ஒரு கண்ணால் வெளியே பார்த்தாள். பிறகு இரண்டு கண்ணாலும். பச்சையும் நீலமும் அவள் முகத்தில் விழுந்தன. எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தாள் என்று தெரியாது. என் உள்ளங்கை சுட்டது, அது மட்டும் நினைவிருக்கிறது. நைலெக்ஸ் பொசுங்குகிற மணமும் வந்தது.

"வடிவோ?" என்று கேட்டேன்.

"ஓம், வடிவு." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா அவையளையும் நூர்க்கச் சொல்லுங்கோ அம்மா."

"இப்ப சண்டை இல்லை, பிள்ளை. இனி வராது."

"ஆர் சொன்னது?"

ஒன்பது வருடம் துண்டு கொடுத்தவள், ஆயிரம் பேர் ஆயிரம் கேள்வி கேட்டாலும் பதில் வைத்திருப்பவள் நான், பல்பை இன்னும் இறுக்கிப் பொத்திப் பிடித்தேன். வயரைக் கழற்றினார்கள். ராட்டினத்தின் பல்புகள் அணைந்தன. அவள் பெரிதாய் ஒரு மூச்சு விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெடியள் சுற்றியபோது சிரிக்கக்கூடச் செய்தாள்.

இறங்கியதும் மச்சாள் ஓடிவந்தாள். முகம் முழுக்கச் சந்தோசம். "கணக்குக்காரி! ராட்டினம் முழுக்க எரிஞ்சது, உங்கடை மஞ்சள் பெட்டி மட்டும் எரியேல்லை! என்ன நடந்தது?"

சீலைத் தலைப்பில் ஐந்து சதக் காசளவு ஓட்டை. அதைக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

"பல்பு பியூஸ் போட்டுது மச்சாள்" என்றேன்.

"நான் சொன்னனான்தானே, முன்னுக்கு நிக்கச் சொல்லி!" என்றாள். வீடு வரும்வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சித்திரை முடிய முன்பே சண்டை திரும்பவும் தொடங்கியது. ஒருநாள் பொழுதுபட்டு நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஜாம் போத்தல் விளக்கிடம் போய் ஒரே ஊதில் நூர்த்தாள். அதன் பிறகுதான் எங்களுக்கும் இரைச்சல் கேட்டது.

பங்கருக்குள் அவள் என் மடியில் ஏறி இருந்தாள். என் உள்ளங்கையைத் தேடிப் பிடித்து, சுட்ட தழும்பை விரலால் தடவினாள்.

"அம்மா, எங்கடை விளக்குத்தான் நல்லது" என்றாள். "ஊதினால் நூரும்."